‘லா கம்பனெல்லா’ முடிந்ததும் யார் சரியாகக் கைதட்டினார்கள்?

வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

“வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெடியன் பியானோ வாசித்தார். கடைசி உருப்படி, அந்தக் காலத்துப் பியானோ மேதை லிஸ்ட் எழுதிய ‘லா கம்பனெல்லா’. முடிந்ததும் முக்கால்வாசிச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் இருந்த அப்பா, பழைய சங்கீத ரசிகர், ‘விரல் ஓடுது, சரி. பாட்டு எங்கை?’ என்றார். மகளின் பியானோ ரீச்சர், ‘ரெண்டு மூண்டு இடத்திலை பிசகினது’ என்றா. நடுவில் ஒரு பெரிய ஓட்டம் முடிந்தபோது நான் கைதட்ட, பின்னால் இருந்தவர் ‘உஷ்’ என்றார். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: ‘அந்தப் பிள்ளைக்குக் கை உளையாதே?’ இதில் யார் சொல்வது சரி? பியானோப் பரீட்சையில் அஞ்சாம் தரத்தில் இருக்கிற மகளும் இதைப் பழக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். விடலாமா?”

தங்கச்சி, ஒரே மண்டபத்தில் இருந்தாலும் ஆளாளுக்கு வேறு வேறு வாசிப்பைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ரசிகர் தனக்கு எதை அளக்கத் தெரியுமோ அதைத்தான் அளப்பார், அதற்குத்தான் கைதட்டுவார், அதில்தான் குறையும் பிடிப்பார். ரீச்சருக்குச் சுரம் தெரியும், சுரத்தை எண்ணினா. அப்பாவுக்குப் பாட்டுத் தெரியும், பாட்டைத் தேடினார். சனத்துக்கு வேகம் கண்ணில் பட்டது. எல்லாரும் சரி என்று மழுப்பிவிட்டுப் போக நான் வரவில்லை. இவற்றில் சில அளவுகள் இந்த உருப்படிக்குப் பொருந்தும், சில பொருந்தாது. அதைப் பார்க்க முதலில் உருப்படியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

இந்த மெட்டு லிஸ்டுடையது அல்ல. இத்தாலிய வயலின் மேதை பகனினி 1826இல் எழுதிய இரண்டாவது வயலின் கொன்சேர்ட்டோவின் (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கடைசிப் பகுதியில் வருவது. அதில் வாத்தியக் குழுவுக்குள் ஒரு சின்ன மணி ஒலிக்கும் (‘லா கம்பனெல்லா’ என்பதன் பொருளும் அதுதான்), வயலின் அதற்குப் பதில் சொல்லும். 1832இல் பாரிஸில் பகனினியைக் கேட்டபோது லிஸ்டுக்கு இருபது வயது. அவர் வயலினில் செய்வதைத் தான் பியானோவில் செய்யவேண்டும் என்ற வெறி அந்தக் கச்சேரியோடு பிடித்தது. அதே மணி மெட்டை வைத்து முதலில் ஒரு நீண்ட கற்பனையுருவை எழுதினார். பிறகு 1838இல் பகனினி பயிற்சிகள் என்ற தொகுதியில் அதைத் திரும்ப எடுத்தார். 1851இல் மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க வாசிப்பதும் நீங்கள் கேட்டதும் இந்தக் கடைசி உருவம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேடை மேடையாகச் சுற்றிய காலத்தில் அவர் எழுதிய 1838ஆம் ஆண்டு உருவம் மிகக் கொடுமையானது. இன்றும் அதைத் தொடுபவர்கள் குறைவு. 1847இல் கச்சேரிச் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டார். அதன்பின் ஆறுதலாக இருந்து எழுதிய 1851ஆம் ஆண்டு உருவத்தில் தேவையில்லாத சுமைகளைக் கழற்றிப் போட்டார். விரலுக்குக் கொஞ்சம் இலகுவானது, காதுக்கு இன்னும் பளபளப்பானது. கஷ்டத்தைக் கூட்டினால் சனத்தின் வியப்பும் கூடும் என்றில்லை என்பது சனத்தை மயக்குவதில் பேர்போன அந்த மனிதருக்கே விளங்கியிருக்கிறது.

சரி, அந்த மேடையில் அந்தப் பெடியன் என்ன செய்தார்? வலது கையை மட்டும் பார்ப்போம். பியானோவின் வலப்பக்கத்தில் உயரத்தில் ஒரு டி ஷார்ப், கறுப்புக் கட்டை, அதுதான் மணி. மெட்டு அதற்குக் கீழே நடக்கிறது. மெட்டில் ஒரு சுரத்தைத் தொட்டதும் அதே கை மேலே பாய்ந்து மணியை அடிக்க வேண்டும், திரும்ப வந்து அடுத்த சுரத்தைத் தொட வேண்டும், திரும்பவும் மேலே. போகப்போக அந்தப் பாய்ச்சலின் தூரம் இரண்டு ஸ்தாயியையும் தாண்டுகிறது. பியானோவில் ஒரு ஸ்தாயி ஏறக்குறைய 16.5 சென்ரிமீற்றர். ஆக, ஒரு அடிக்கும் மேலான தூரத்தைக் கை பறந்து கடந்து, ஒரு விரலகலக் கறுப்புக் கட்டையில் மெதுவாக இறங்க வேண்டும். மெதுவாக என்பதுதான் இதில் முக்கியம். பாய்ந்து விழுகிற கை இயல்பாகவே ஓங்கி அடிக்கும். அப்படி அடித்தால் மணி போல ஒலிக்காது, தகரத்தில் அடித்த மாதிரிக் கேட்கும்.

இதற்குப் பிறகு ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி மிக வேகமாக அடிக்கும் இடம் வருகிறது. நாலாம் ஐந்தாம் விரல்களை, அதாவது மோதிர விரலையும் சின்ன விரலையும் வைத்து நீண்ட டிரில் (பக்கத்துப் பக்கத்து இரு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக அடிப்பது) பிடிக்கும் இடமும் வருகிறது. பியானோ வாசிப்பவர்கள் பலவீனமான விரல்கள் என்று சொல்லுவது அவற்றைத்தான். மேசையில் கையை வைத்து அந்த இரண்டையும் மட்டும் மாறிமாறித் தட்டிப் பாருங்கள், விளங்கும். கடைசியில் இரு கைகளும் பெரும் சத்தத்தோடு ஸ்தாயி ஸ்தாயியாக இறங்கி முடியும். சனம் எழும்பியது அந்த இடத்தில்தான் என்று நீங்கள் சொல்லாமலே சொல்லிவிடுவேன். எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் எழும்புகிறார்கள்.

ஆனால் இந்த உருப்படியில் வாசிப்பவரைப் பிடித்துக்கொடுக்கும் இடம் அந்த முடிவு அல்ல. சத்தமும் வேகமும் சேர்ந்தால் பல குறைகள் மூடுபடும். உண்மையான சோதனை முதல் பக்கத்தில், சத்தமில்லாமல், எல்லாச் சுரமும் அம்மணமாகக் கேட்கும் இடத்தில் இருக்கிறது. இன்னொன்று: லிஸ்ட் இதற்கு எழுதிவைத்த காலப்பிரமாணம் அலெக்ரெட்டோ. மிதமான ஓட்டம். தலைதெறிக்க ஓடச் சொல்லி அவர் எங்கேயும் எழுதவில்லை. வேகத்தைப் போட்டி போட்டுக் கூட்டியவர்கள் பின்னால் வந்த வாசிப்பவர்களும் அதற்குக் கைதட்டிய நாங்களும்தான்.

இப்போது சனத்தின் வியப்புக்கு வருகிறேன். கண்ணால் கண்டதற்குக் கைதட்டினார்கள் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் 2013இல் இதைச் சோதித்து ஒரு ஆய்வு வெளிவந்தது. பெரிய இசைப்போட்டிகளின் இறுதிச் சுற்றுக் காட்சிகளைச் சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்கு ஒலியும் ஒளியும், சிலருக்கு ஒலியே இல்லாமல் படம் மட்டும் காட்டி, ‘யார் வென்றிருப்பார்?’ என்று கேட்டார்கள். ஒலிதான் முக்கியம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ஆனால் சத்தமில்லாத படத்தைப் பார்த்தவர்கள்தான் வெற்றியாளரைக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்காரர்களிடமும் இதே கதை. பின்னர் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்துபார்த்து, முடிவை எல்லா இடத்துக்கும் இழுத்துப் பொருத்தக்கூடாது என்று எச்சரித்தார்கள், அதுவும் நியாயம்தான். ஆனாலும் ஒரு கச்சேரியில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

லிஸ்டுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். துணைக்கு ஆளில்லாமல், தனியொருவராக முழு மாலையையும் நடத்தும் பியானோக் கச்சேரி என்ற வழக்கத்தை நிலைநாட்டியவர் அவர். 1841ஆம் ஆண்டின் கடைசியில் பெர்லினுக்குப் போனார். அடுத்த சில கிழமைகளில் அந்த நகரம் பட்ட பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவருடைய கையுறைக்கும், குடித்துவிட்டுப் போட்ட சுருட்டின் அடிக்கட்டைக்கும் அடிபட்டார்களாம். 1844இல் கவிஞர் ஹைன் இந்தப் பைத்தியத்துக்கு ‘லிஸ்டோமேனியா’ என்று பெயரே வைத்தார். பாரிஸில் ஓபரா மண்டபத்தில் பணம் வாங்கிக்கொண்டு கைதட்டுவதையே தொழிலாக வைத்திருந்த கூட்டமும் அந்தக் காலத்தில் இருந்தது. எந்த இடத்தில் ஆரவாரம், எந்த இடத்தில் கண்ணீர் என்று முன்கூட்டியே திட்டம் போடுவார்கள். சனத்தின் ஆரவாரத்தை மட்டும் வைத்து வாசிப்பை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதேநேரம் அந்த ஆரவாரம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு மனிதக் கை இதைச் செய்கிறதே என்ற திகைப்பு நேர்மையான உணர்வு. இந்த வகை உருப்படிகளை எழுதியதே அந்தத் திகைப்பை வரவழைக்கத்தான்.

ரீச்சர் எண்ணிய பிசகுகள். ரீச்சருக்குக் காது நல்லாயிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1965 மே 9ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நடந்ததை நினைக்கச் சொல்லுங்கள். பியானோ மேதை ஹொரோவிட்ஸ் பன்னிரண்டு வருடம் மேடையேறாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்ப வந்தார். முதல் உருப்படி, பாக்கின் ஓர்கன் படைப்பை புசோனி பியானோவுக்கு மாற்றியது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காதில் விழக்கூடிய பிசகுகள். பின்னர் வந்த இசைத்தட்டில் சிலவற்றைத் திருத்தியிருந்தார்கள். திருத்தாத பதிவு பல வருடம் கழித்து வெளிவந்தது. இரண்டையும் கேட்டவர்கள் பலர் திருத்தாததையே விரும்புகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். கையில் நடுக்கம் தெரிகிறது, அதையும் மீறி இசை எழும்புகிறது. கொர்த்தோ என்ற பிரெஞ்சு மேதையின் பழைய பதிவுகளில் பிழைச் சுரங்கள் மலிந்திருக்கும். இன்றைக்கும் பியானோ படிக்கிறவர்கள் அவற்றைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்.

பாயும்போது கை ஒரு மயிரிழை தவறிப் பக்கத்துக் கட்டையில் பட்டால் அது விபத்து. பாய்ச்சலுக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கி, மெட்டின் நடையையே நொண்டவைத்தால் அது வாசிப்பின் குறை. முதலாவதைப் பரீட்சைத் தாளில் குறிப்பார்கள். இரண்டாவதைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். ரீச்சரிடம் அடுத்த முறை இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள்.

உங்களை ‘உஷ்’ என்று அடக்கியவருக்குச் சரித்திரம் பக்கபலமாக இல்லை. 1778இல் மோசார்ட் பாரிஸில் ஒரு சிம்பொனியை அரங்கேற்றிவிட்டுத் தகப்பனுக்குக் கடிதம் எழுதினார். முதற்பகுதியின் நடுவில் ஒரு இடம் சனத்துக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்தாராம். அந்த இடம் வந்ததும் நடுவிலேயே பெரிய கைதட்டல். அதனால் கடைசியில் அதையே திரும்பவும் கொண்டுவந்தாராம். கடைசிப் பகுதியை இரண்டு வயலின் மட்டும் சத்தம் குறைத்துத் தொடங்க, சனம் தங்களுக்குள் ‘உஷ்’ சொல்லிக்கொண்டதாம், முழு வாத்தியமும் இறங்கியதும் திரும்பக் கைதட்டல். எழுதியவர் கோபப்படவில்லை, சந்தோசத்தில் துள்ளுகிறார். நடுவில் மூச்சுக்கூட விடக்கூடாது என்ற ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல இறுகியது. அதில் பெரும் பங்கு வாக்னருக்கும் அவருடைய பைரொய்த் அரங்குக்கும் உண்டு. 1882இல் அங்கே தன் கடைசி ஓபராவில் ஒரு இடத்தில் வாக்னரே உற்சாகம் தாங்காமல் ‘பிராவோ’ என்று கத்த, கத்தியது யார் என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவர்கள் அவரையே அடக்கினார்கள் என்று சொல்வார்கள்.

இந்தப் பக்கம் கனடாப் பியானோக்காரர் க்ளென் கூல்ட் மாதிரி ஆட்களும் இருந்தார்கள். கைதட்டலையே ஒழிக்க வேண்டும் என்று 1962இல் கட்டுரை எழுதினார், இரண்டு வருடத்தில் மேடையையே விட்டுவிட்டுப் பதிவுக்கூடத்துக்குள் போய்விட்டார். ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மைக் இல்லாத பியானோவில் சத்தம் மிகக் குறைந்த இடத்தில் ஒருவர் கைதட்டினால் அடுத்த நாலு சுரம் ஒருவருக்கும் கேட்காது. ஆகவே ஐந்து நிமிட உருப்படிக்குப் பொறுத்திருப்பது நல்லது. ஆனால் நீங்கள் செய்தது குற்றமல்ல. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம்.

அப்பாவின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ‘பாட்டு எங்கை?’ என்பதை மேற்கத்திய இசைக்காரர்களும் லிஸ்டைப் பார்த்து, லிஸ்டுக்குப் பின் வந்தவர்களையெல்லாம் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லிஸ்டின் காலத்துப் பியானோ மேதை ஷோப்பான் தன் மாணவர்களை இத்தாலியப் பாடகர்களைப் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பியது இதற்காகத்தான். ஏனென்றால் பியானோவின் அடிப்படைக் குறை அப்பாவின் காதுக்கு உடனே தெரிந்துவிடும். சுத்தியல் கம்பியை அடித்த கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்குகிறது. அதை வளர்க்க முடியாது, அசைக்க முடியாது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது. கமகம் இல்லாத இடத்தில் கர்நாடகக் காதுக்குப் பாட்டும் இல்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. பியானோ வாசிப்பவர் செய்வதெல்லாம் ஒரு கண்கட்டு வித்தைதான். தேய்கிற ஒலியின் வாலில் அடுத்த சுரத்தைச் சரியான கனத்தில் கொண்டுவந்து வைத்து, பாட்டு நீள்கிறது என்று காதை நம்பவைக்கிறார். நல்ல பியானோக்காரரின் மிகப்பெரிய வித்தை அதுதான். ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் எழும்பி நின்று விசிலடிப்பதில்லை.

அப்பாவிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். ‘லா கம்பனெல்லா’வில் பாட்டு இருக்கிறது, ஒரே ஒரு பாட்டு, அது திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தரம் வெறுமனே வருகிறது. அடுத்த தரம் தூரப் பாய்ச்சலோடு. அப்புறம் அடுக்கடித்த ஒரே சுரத்துக்குள் ஒளித்துக்கொண்டு, அதற்கடுத்து டிரிலுக்குக் கீழே, கடைசியில் இடிமுழக்கத்தோடு. பல்லவியின் வரியை நிரவலில் எத்தனை விதமாகப் புரட்டினாலும் விடாமல் பின்தொடரும் காது அவருடையது. முதல் அரை நிமிடத்தில் அந்த மெட்டை மனதில் பிடித்துக்கொண்டால் மிச்சம் நாலு நிமிடமும் அவருக்கு வேறு கச்சேரியாக இருக்கும். வாசிப்பவர் மெட்டை எந்த இடத்தில் தொலைத்தார் என்று ரீச்சரைவிட அவர் சரியாகச் சொல்லுவார்.

இதை இவ்வளவு நம்பிக்கையோடு சொல்வதற்குக் காரணம், நாங்கள் தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். வித்துவத்தை எப்படி ரசிப்பது என்று யாழ்ப்பாணத்தானுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற மண் இது. 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதுக்குள் போய்விட்ட தவில் மேதை தட்சிணாமூர்த்தியைப் பற்றி இன்றைக்கும் கதைக்காத கோயில் வீதி இருக்கிறதா? தமிழ்நாட்டுச் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிப் பேர் எழும்பிக் கன்ரீனுக்குப் போவதைப் பற்றிப் பகிடி சொல்லுவார்கள். எங்கள் கோயில் திருவிழா மேளச் சமாவில் கதை தலைகீழ். நாதஸ்வரம் ஓயத் தவில் தனியாக இறங்கும் நேரத்தில்தான் கச்சான் வாங்கப் போனவனும் ஓடிவருவான்.

அந்தச் சமாவில் முன்வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? கிழவர்கள் சம்மணம் கட்டி இருப்பார்கள். வேட்டியின் மேல் தொடையில் கை தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தவில்காரர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். வெளிவட்டத்தில் நிற்கும் இளந்தாரிகள்தான் வேகத்துக்குக் கத்துவது. முன்வரிசை காத்திருப்பது கோர்வைக்கு, கணக்குப் போட்டுக் கட்டிய முடிவு அடுக்குக்கு. கோர்வை மூன்று தரம் வரும். முதல் தரம் திகைக்க வைக்கும், எங்கே போகிறது என்று தெரியாது. இரண்டாம் தரம் கணக்குப் பிடிபடும், தொடையில் போடும் கை இறுகும். மூன்றாம் தரம் அவர்களும் உள்ளே கூடவே வாசித்துக்கொண்டு போவார்கள். சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) தவில் விழும் அதே கணத்தில் முன்வரிசையின் கை முழுக்க மேலே போகும், ‘ஆஹா’ என்ற சத்தம் தவிலின் கடைசி அடியோடு சேர்ந்து வரும். அதற்குப் பிறகு வந்தால் அது மரியாதைக் கைதட்டல். கூடவே வந்தால் அவர்கள் கணக்கை விடவில்லை என்று அர்த்தம். ஒரு அட்சரம் தள்ளி விழுந்தாலும் அந்த முகங்களில் தெரிந்துவிடும். வாசித்தவர் அந்த முகங்களைத்தான் பார்ப்பார், வெளிவட்டத்தை அல்ல.

புல்லரித்தது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2011இல் மொன்றியலில் செய்த மூளை ஆய்வொன்றில், பிடித்த இசையில் புல்லரிக்கும் கணத்தில் டோபமின் சுரப்பது தெரிந்தது. அதோடு, அந்தக் கணம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் முந்தின விநாடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கிறது. வரப்போவதை அறிந்து காத்திருப்பதே பாதிச் சுகம். முன்வரிசைக் கிழவருக்கு ஒரு கோர்வைக்கு மூன்று தரம் அந்தக் காத்திருப்புக் கிடைக்கிறது. வெளிவட்டத்து இளந்தாரிக்குத் திடீர் வெடி மட்டும்தான். இரண்டுமே சந்தோசம்தான், ஆனால் முதலாவது கூட நேரம் நிற்கும். உங்களுக்குப் புல்லரித்தது மெட்டு ஏற்கெனவே காதில் ஏறியிருந்ததால் என்றுதான் நினைக்கிறேன். மகள் வீட்டில் நாள்முழுக்கப் போட்டுக் கேட்டிருப்பாள்.

ஆகவே பியானோவுக்கும் ஒரு முன்வரிசை உண்டு, ஒரு வெளிவட்டம் உண்டு. கஷ்டம் என்பதே அதில் இரண்டு வகை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1908இல் ‘கஸ்பார் து லா நுயீ’ என்று மூன்று உருப்படிகள் எழுதினார். பாலகிரேவின் ‘இஸ்லாமே’ என்ற பேர்போன கைமுறிக்கும் உருப்படியைவிடக் கஷ்டமாக ஒன்றை எழுத வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடைசி உருப்படியான ‘ஸ்கார்போ’ முடிந்தால் மண்டபம் அதிரும், கண்ணுக்கே தெரிகிற கஷ்டம். முதல் உருப்படி ‘ஒன்டீன்’ தொடங்கும்போது வலது கை கேட்டும் கேட்காமலும் சலசலத்துக்கொண்டிருக்கும், அடியில் ஒரு மெட்டு மிதந்து வரும். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. வாசிக்கிறவருக்கு அது நரகம். ஒரே அளவு மென்மையில், ஒரு சுரம்கூடத் துருத்தாமல், அந்தச் சலசலப்பை நிமிடக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். மோசார்ட்டின் சொனாட்டாக்கள் பிள்ளைகளுக்கு இலகு, மேதைகளுக்குக் கஷ்டம் என்று சொல்லுகிற பேச்சும் இந்த வகைக் கஷ்டத்தைப் பற்றியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத கஷ்டத்துக்குச் சனம் சில வேளை தண்டனையும் கொடுக்கும். 1859 சனவரியில் லைப்சிக் நகரில் பிராம்ஸ் தன் முதலாவது பியானோ கொன்சேர்ட்டோவைத் தானே வாசித்தார். வாசிக்க மிகக் கடினம், ஆனால் வித்தை காட்டுகிற மினுக்கம் இல்லை. இரண்டு மூன்று பேர் கைதட்டப் பார்க்க, மிச்ச மண்டபம் சீறி அடக்கிவிட்டது. பிராம்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இன்று பெரிய பியானோக்காரர் பலரும் விரும்பி வாசிக்கும் உருப்படி அது.

அடுத்த முறை அதே உருப்படியைக் கேட்கும்போது முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள். மணியின் டி ஷார்ப் ஒவ்வொரு முறையும் ஒரே நிறத்தில் கேட்கிறதா, அல்லது பாய்ச்சலுக்குத் தக்க ஒருமுறை ஓங்கி, ஒருமுறை மங்கிக் கேட்கிறதா? மெட்டின் நடை பாய்ச்சலுக்காக நொண்டுகிறதா? ஒருவரும் பார்க்காத இடது கையைக் கவனியுங்கள், அதுவும் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, அது தடுமாறினால் தாளமே ஆடும். ஒரே உருப்படியை இரண்டு பேர் வாசித்துக் கேட்பதும் நல்லது. வேகமானவரைவிட மெதுவாக வாசிப்பவர் உங்களுக்குப் பிடித்துப்போகக்கூடும்.

பெரியம்மாவின் கேள்வி மகளின் விடயத்துக்கு நேராகப் பொருந்துவதால் கடைசிக்கு வைத்தேன். உளையும். இசையமைப்பாளர் ஷூமானின் பியானோ வாழ்க்கை இருபதுகளின் தொடக்கத்திலேயே வலது கை பழுதாகி முடிந்துபோனது. அதன்பிறகுதான் முழுமூச்சாக இசை எழுதுவதற்கு வந்தார். இவ்வளவுக்கும் லிஸ்ட் இந்தப் பயிற்சிகளை அர்ப்பணித்தது ஷூமானின் மனைவி கிளாராவுக்கு. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷர் 1960களில், உச்சத்தில் இருந்தபோது, வலது கையின் இரண்டு விரல்கள் தன்பாட்டில் மடங்கத் தொடங்கியதால் பல வருடம் இடது கை உருப்படிகளை மட்டும் வாசித்தார். வளர்கிற பிள்ளையின் கையில் நாலாம் ஐந்தாம் விரல் டிரிலை மணிக்கணக்கில் போட்டு உழக்க விடக்கூடாது. நோகிறது என்றால் அன்றைக்கு மூடிவைக்க வேண்டும், அதில் வீரம் வேண்டாம்.

அஞ்சாம் தரத்துக்கு இது கூடாது. எட்டாம் தரத்தையும் தாண்டிய வேலை இது. ஆசையை முறிக்கவும் வேண்டாம். முதல் பக்கத்தின் மெட்டை மட்டும், மேலே உள்ள மணி இல்லாமல், ஒரு கையால் பாட வைக்கச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள். புர்க்முல்லரின் இருபத்தைந்து பயிற்சிகளை ஒழுங்காக முடிக்கட்டும். பிறகு லிஸ்டின் மூன்றாவது ‘கொன்சொலேஷன்’. அதில் பாய்ச்சல் இல்லை, பாட்டு மட்டும்தான். தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டலாம்.

பியானோவையும் பாருங்கள். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் வீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் நிமிர்ந்த பியானோக்கள். கடற்காற்றும் ஈரப்பதனும் பட்டவை. 1821இல் பியானோ செய்யும் எராட் நிறுவனம் ஒரு பொறிமுறைக்குக் காப்புரிமை எடுத்தது. கட்டை முழுக்க மேலே வரமுன்னரே திரும்ப அடிக்கலாம். அதற்குப் பிறகுதான் இப்படி ஒரே சுரத்தை அடுக்கடிக்கும் இசையைத் துணிந்து எழுத முடிந்தது. அந்தப் பொறி கிராண்ட் பியானோவில் இருக்கும், சாதாரண நிமிர்ந்த பியானோவில் இராது. பிள்ளை அடுக்கடிக்கும்போது நடுவில் ஒரு சுரம் சத்தம் வராமல் விட்டுப்போனால் அவளை ஏசாதீர்கள். பிழை பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருக்கும்.

இன்னொன்று. சுரத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மகள் தானே இறக்கி அச்சடிக்கப் பார்ப்பாள். முதல் வரியில் ஐந்து ஷார்ப் (♯) அடையாளம் இருந்தால் அது 1851ஆம் ஆண்டு உருவம். ஏழு ஃபிளாட் (♭) இருந்தால் 1838. அதை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளை அழுதால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.